அவத்தின் தரையும் என் கண்ணும்

அலெக்சாந்திரியாவின் முஹர்ரம் பேக்கில் கார்த் தகடு தட்டுகிற எவனிடம் கேட்டாலும் அவத்தைப் பற்றி நல்லதாகவே சொல்வான். அதனால்தான் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தொரு வருஷமாக அவனுக்கு எதிர்க்கடை நான். அவன் எப்போது தும்முவான் என்பதுகூட எனக்குத் தெரியும்.

என் பெயர் சல்லாம். நானும் டிங்கர்தான். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே பட்டறையில் சேர்ந்தோம். ஆறாவது மாதம் அவன் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். என் கையில் துடைப்பம்தான் இருந்தது. எனக்குச் சுத்தியல் வந்தபோது அவன் மெர்சிடிஸ் கதவை நிமிர்த்திக்கொண்டிருந்தான். பிறகு அவன் தனிக்கடை போட்டான். நானும் போட்டேன், நேர் எதிரே. வேறு தெருவில் இதைவிட நல்ல இடம் கிடைத்தது, போகவில்லை. அவனைப் பார்க்காமல் எப்படிப் பொறாமைப்படுவது?

ஆளைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. குள்ளம், இடது கைக்காரன். பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஃபூல் என்கிற பயறு மசியலைத் தின்பான், அப்புறம் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே பேசுவான். சுத்தியல் சத்தத்தில் இடது காது செத்துப்போய் இருபது வருஷம் ஆகிறது. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. தகட்டின் மேல் செய்தித்தாளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவான். தலைமுடி கனத்துக்கு மேடு இருந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். நானும் கடையை மூடிக்கொண்டு முயன்று பார்த்திருக்கிறேன். எனக்குச் செய்தித்தாள்தான் தட்டுப்பட்டது.

அவன் வேலையை நான் மனமறிந்து ஒரு தடவைகூடப் புகழ்ந்ததில்லை. பிறர் பிள்ளையை, பிறர் வீட்டை, பிறர் பல்லைப் பார்த்தால்கூட ‘மாஷா அல்லாஹ்’ என்று தாராளமாகச் சொல்லுவேன். அவத் செய்த வேலையைப் பார்த்தால் மட்டும் வாய் திறக்காது. சொன்னால் அது நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எட்டு வருஷத்துக்கு முன் அவன் நிமிர்த்திய ஒரு பியூஜோவின் பானெட்டைப் பார்த்து, வாய் தவறி, “நல்லா வந்திருக்கே” என்று சொல்லிவிட்டேன். கண் படாமல் காக்கிற அந்த ‘மாஷா அல்லாஹ்’வைச் சேர்க்கவில்லை. மறுநாள் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பூந்தொட்டி விழுந்து பானெட்டில் பள்ளம். அன்றிலிருந்து தெருவுக்கே என் கண் கொள்ளிக்கண் ஆகிவிட்டது. அவத்தின் மனைவி ஹனிய்யா நீலமணி பதித்த பீங்கான் கை ஒன்றை வாங்கி, ஐந்து விரலும் என் கடையைப் பார்க்கிற மாதிரி மாட்டினாள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் அந்தக் கைதான் என்னை நிறுத்தும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரா இஃப்பத்தின் கார்.

டாக்டரா இஃப்பத் எங்கள் வட்டாரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி; மருந்துக்கடைக்காரியையும் இங்கே ‘டாக்டரா’ என்றுதான் அழைப்போம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன ஃபியட் 1100 ஒன்று, அறுபத்து நாலாம் வருஷ வண்டி, பாலாடை நிறம். அதைத்தான் பிள்ளையாக வளர்த்தார். வளர்த்தார் என்றால், தினமும் கடற்கரைச் சாலையில் ஓட்டுவார். குளிர்காலப் புயலில் அலை தடுப்புச்சுவரைத் தாண்டிச் சாலையில் கொட்டும்போதும் ஓட்டுவார். அலெக்சாந்திரியாவில் கடல் முதலில் மீனவனைத் தின்னும், அடுத்தது காரின் தரையைத் தின்னும். ஒவ்வொரு ஜனவரியிலும் பெரும்புயல் ஓய்ந்த மறுநாள் என் கடை வாசலில் நிற்பார். கைத்தொழில்காரனை ‘உஸ்தா’ என்றுதான் கூப்பிடுவார்.

“உஸ்தா, காலடியில ரோடு தெரியுது.”

“தெரியட்டும் டாக்டரா, எங்க போறோம்னு பாத்துக்கலாம்,” என்பேன். சிரிப்பார். நான் ஒரு தகட்டை வெட்டி, ஒட்டுப்போட்டு, மேலே தார் பூசி அனுப்புவேன். இருபத்திரண்டு வருஷம் இப்படி. ஒட்டு தப்பு என்று எனக்குத் தெரியும். துருவை மூடினால் துரு உள்ளேயே உட்கார்ந்து தின்னும். முழுத் தரையையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்ல நினைப்பேன். ஆனால் அந்த வண்டிக்குத் தரைத்தகடு எங்கேயும் கிடைக்காது, கையால்தான் அடிக்க வேண்டும். அப்படி அடிக்கத் தெரிந்தவன் இந்த ஊரில் யார் என்றும் எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

இந்த ஜனவரியில் புயல் வந்தது, ஓய்ந்தது, டாக்டரா வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இருமலே இல்லாமல் இருமல் மருந்து வாங்கப் போனேன்.

“கார் எப்படி இருக்கு டாக்டரா?”

“ஓய்வெடுக்குது உஸ்தா,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மருந்துச் சீட்டில் என்னமோ எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த மாதம் முழுக்க அவத்தின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியே இருந்தது. உள்ளே அறுக்கும் சத்தம், பிறகு நாள் கணக்கில் சுத்தியல் சத்தம். அகலமான தகட்டில் விழுகிற அடி என்று சத்தத்திலேயே தெரிந்தது. யாருடைய வண்டி என்று மட்டும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குப் பெருமை.

அந்தத் திங்கட்கிழமை காலை, ஆணியில் தொங்கிய என் வேலைச் சட்டையை எடுத்துப் போட்டேன். முதுகில் சில்லென்று காற்று அடித்தது. கழற்றிப் பார்த்தால், நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது.

பக்கத்துக் கடை பெயிண்டர் கிர்கிஸ் டீக் கிளாஸோடு வாசலில் நின்றான். சிரிப்பை அடக்க மாட்டாமல் அவன் தோள் குலுங்கியது.

“என்ன சல்லாம், முதுகுல ஜன்னல் வெச்சுட்டியா? நல்லாக் காத்து வரும்.”

“யார் பாத்த வேல இது?”

“தெரியாத மாதிரி கேக்கறே பாரு. நேத்து ஹனிய்யா படிகாரத்த நெருப்புல போட்டா. கண்ணு வெச்சது யாருன்னு பாக்க. அது பொங்கி எழும்புனப்ப உன் மூக்கு அப்படியே வந்துச்சு. நானே பாத்தேன். மூக்குன்னா மூக்கு, ரெண்டு ஓட்டையோட. அப்புறம் என்ன, கண்ணு வெச்சவன் துணி வேணுமில்ல சேத்துக் கொளுத்த?”

“என் கண்ணு எது மேல விழுந்துச்சாம்?”

“கார் மேல. தரை முடிஞ்சுது, கதவு மூட மாட்டேங்குது. நாலு நாளா மூடல. வியாழக்கிழமை கல்யாணம், பொண்ணு அந்தக் கார்லதான் போகணுமாம்.”

“எந்தக் கார்?”

கிர்கிஸ் டீக் கிளாஸுக்குள் பார்த்தான். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டராவின் தங்கை மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம் என்று வட்டாரத்துக்கே தெரியும்.

 இருபத்திரண்டு வருஷம் என் வாசலில் நின்ற வண்டி. தெருவைத் தாண்டிப் பத்தடி போய்விட்டது. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பீங்கான் கைக்குக் கீழே குனிந்து, பாதி இறங்கிய ஷட்டருக்குள் நுழைந்தேன்.

அவத் ஸ்பானர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். தாடி மூன்று நாளாக மழிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து காருக்கும் எனக்கும் நடுவில் நின்றான், பிள்ளையை மறைக்கிற தாய் மாதிரி.

“உள்ள வராதே சல்லாம்.”

“என் சட்டைய வெட்டிட்டு உள்ள வராதேங்கறியா? தள்ளுடா.”

தள்ளிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தரை ஒரே தகடாகப் படுத்திருந்தது. விறைப்புக்காக நீளவாட்டில் பள்ளம் போடுவார்களே, அந்த வரிகள் பக்கத்துக்கு ஆறு, அத்தனையும் கையடி, ஒன்றுக்கொன்று நூல் பிசகவில்லை. வெல்டிங் பொட்டுகள் தொழிற்சாலையில் வைத்த அதே இடைவெளியில். தண்ணீர் வடிய விட்ட ஓட்டைக்குக்கூட ஓரம் மடித்திருந்தான். கம்பளம் போட்டு மூடினால் யாருக்கும் தெரியாத இடம் அது. யாருக்கும் தெரியாத இடத்தில் இப்படி ஒருவன் வேலை செய்தால் மற்றவன் எல்லாம் எங்கே போவது?

மூலையில் பழைய தரை குப்பையாகக் கிடந்தது. என் ஒட்டுகள். என் தார்.

“துரு தின்னது போக பத்தொம்பது ஒட்டு எண்ணினேன்,” என்றான் அவத். அந்த நிலைமையிலும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. “வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்க வந்துட்டே இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு போ.”

“அந்த ஒட்டு போட்டப்பல்லாம் கதவு மூடுச்சு,” என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அப்புறம்தான் கதவுகளைப் பார்த்தேன். நான்கும் சுவரில் சாய்த்து வைத்திருந்தன, மேலே போர்வை நூல் ஒட்டியிருந்தது. வீட்டு மாடியில், கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். ஏன் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. இடது முன்கதவில் நான் போன வருஷம் தட்டி எடுத்த ஒரு பள்ளத்தின் தழும்பு இருக்கிறது. ஷட்டர் இடுக்கில் அந்தக் கதவைப் பார்த்தால் நான் வண்டியைக் கண்டுபிடித்துவிடுவேன், கண் வைத்துவிடுவேன் என்று, வேலை தொடங்கும் முன்பே கதவுகளைக் கழற்றியிருக்கிறான்.

கதவை மூடி வைத்துத்தான் தரையை அறுக்க வேண்டும். நானும் அவனும் முதல் வருஷத்தில் கற்ற பாடம் அது. அட்டைப்பெட்டிக்கு அடியை எடுத்துவிட்டால் பெட்டி எப்படித் துவளுமோ, கார் அப்படித் துவளும். கதவுகள்தான் அதைப் பிடித்து நிறுத்தும். அவத் கதவுக்குப் பதிலாகக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்திருந்தான், ஆனால் கீழே மட்டும். முன்னாலும் பின்னாலும் தாங்கு கொடுத்திருந்தான், நடுவில் இல்லை. கீழே அளந்தால் அளவு சரியாக இருக்கும். மேலே கதவுத்தூண் ஒரு விரல் உள்ளே சாய்ந்திருந்தது. மூலைக்கு மூலை ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் எவனுக்கும் தெரிந்துவிடும். ஆனால் கண்தான் காரணம் என்று முடிவு கட்டியவன் நூலை எதற்கு எடுப்பான்?

வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“ஹனிய்யாகிட்ட சொல்லு,” என்றேன். “அடுத்த தடவை துணி வேணும்னா கேட்டு வாங்கச் சொல்லு. நல்ல சட்டையாக் குடுக்கறேன்.”

அன்றைக்கு மத்தியானம் ஈரல் சாண்ட்விச் இரண்டு தின்றேன். வழக்கமாக ஒன்றுதான். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ருசி நாக்கிலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை டாக்டரா என் கடைக்கே வந்தார். முகத்தில் வெட்கம்.

“உஸ்தா சல்லாம், உங்ககிட்ட சொல்லாம குடுத்தது தப்புதான். மன்னிச்சுக்கோங்க. அவர் ராப்பகலா உழைக்கறார், ஆனா ஆகல. கதவு ஓரத்தத் தேச்சுடவான்னு கேக்கறார். அப்பாவோட கதவு அது. நாளைக்கு வண்டிய இங்க தள்ளிட்டு வரச் சொல்றேன். நீங்க முடிச்சுக் குடுங்க.”

இதற்காகத்தான் நான் நாற்பத்தொரு வருஷமாகப் புழுங்கினேன். நடுவில் ஒரு ஜாக்கி, கதவுக்கடியில் ஓடும் கீழ்ப்படியில் ஒரு சாண் வெல்டிங்கைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று மணி நேர வேலை. அவத்தால் ஆகாததைச் சல்லாம் முடித்தான் என்று முஹர்ரம் பேக் முழுக்கப் பேசும்.

“பாக்கறேன் டாக்டரா,” என்றேன்.

அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பேச்சை எல்லாம் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து பார்த்தேன். கிர்கிஸ் சொல்வான், தரையைப் பாரு, என்னமா வேலை. வருகிறவன் போகிறவன் எல்லாம் குனிந்து பார்த்து என் தோளைத் தட்டுவான். அப்போது நான் என்ன செய்வேன்? தலையை ஆட்டுவேன். ஒவ்வொரு தட்டும் அவத்துக்குச் சேர வேண்டியது, அது எனக்கு மட்டும் தெரியும். அவன் அடித்த ஆறு வரியை என் வாழ்நாள் முழுக்க நான் சுமக்க வேண்டும். அவன் மேல் பொறாமைப்படவே எனக்கு நேரம் போதவில்லை, இதில் அவன் புகழையும் நான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?

தவிர, இன்னொன்றும் இருந்தது. மறைப்பானேன். நீதான் முட்டாள் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லும்போது அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

புதன்கிழமை காலை கடை திறந்ததும் நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவத் கதவின் ஓரத்தில் அரத்தை வைத்துக்கொண்டு நின்றான். இன்னும் தேய்க்கவில்லை. மனசு வரவில்லை போலிருக்கிறது.

“அத கீழ வை,” என்றேன். “நூல இந்த மூலையில பிடி.”

“எதுக்கு?”

“பிடிடா.”

கதவு வாயின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு ஒரு தடவை இழுத்தேன், முடிச்சுப் போட்டேன். பிறகு மாற்றி இழுத்தேன். முடிச்சு ஒரு விரல் தள்ளி நின்றது. அவத் அந்த முடிச்சைப் பார்த்தான். அப்புறம் கீழே குழாயைப் பார்த்தான். அப்புறம் சுவரோரம் கதவுகளைப் பார்த்தான். முகம் காது வரை சிவந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

“கதவக் கழட்டிட்டுத் தரைய அறுத்தியா நீ?” என்றேன். “இத ஒருத்தன் செஞ்சான்னு சொன்னா நம்பியிருக்க மாட்டேன். நீ செஞ்சேன்னு சொன்னா என்னையே அடிச்சிருப்பாங்க.”

அவன் நூலைக் கீழே விட்டான். ஜாக்கியை எடுத்து வந்தான். நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தூக்கினோம். தூண் முடியளவு முடியளவாகத் திரும்பி வந்தது. நான் நூலைப் பிடித்துக்கொண்டேன், அவன் கீழ்ப்படியின் வெல்டிங்கைப் பிரித்தான். தரையில் கை வைக்கவில்லை. வைக்க வந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். நான்கு கதவையும் மாட்டி, மூடி வைத்து, மறுபடி வெல்டிங் வைத்தான். சூடு ஆறக் காத்திருந்து, இடது முன்கதவை ஒரே விரலால் தள்ளினான். ‘டக்’ என்று ஒரு சத்தம், அலமாரி மூடுகிற மாதிரி. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எதற்குப் பார்த்தான் என்று தெரியும்.

“மூடுது,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குள் ஹனிய்யா மாடியிலிருந்து சத்தத்தைக் கேட்டு இறங்கி வந்துவிட்டாள். கதவைத் திறந்தாள், மூடினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாத்தீங்களா, துணியக் கொளுத்தி மூணே நாள்தான், கண்ணு எறங்கிடுச்சு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க உஸ்தா. கண்ணு வைக்கறவங்களுக்கே அது தெரியாதாம், பாவம்.”

நான் அவத்தைப் பார்த்தேன். அவன் ஜாக்கியை இறக்குவதில் மும்முரமாக இருந்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. கார் கெட்டது சல்லாம் கண்ணால், சரியானது சல்லாம் சட்டையால். நூலைப் பற்றி ஒருவன் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் காருக்கு வெள்ளை ரிப்பன் கட்டினார்கள். கல்யாணப் பெண் பின்னால் ஏறினாள், பெண்கள் குலவை இட்டார்கள், டாக்டரா ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான்கு கதவும் வரிசையாக மூடின. டக், டக், டக், டக். எனக்கு உள்ளே திகுதிகுவென்று எரிந்தது. இதுவரை அவன் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை என்று அப்போது நினைத்தேன். முழுசாக, மறைக்காமல் நினைத்தேன்.

கார் நகர்ந்தது. எனக்குப் பூந்தொட்டி ஞாபகம் வந்தது.

இந்தக் கண் சமாச்சாரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கடற்கரைச் சாலையில், மணப்பெண் உள்ளே இருக்கும்போது, அந்தக் காருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் ஓடினேன். அறுபத்து மூன்று வயதில், செருப்போடு, முஹர்ரம் பேக் முழுக்கப் பார்க்க ஓடினேன். டிராம் கடக்கிற இடத்தில் கார் நின்றது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன உஸ்தா, ஏதாவது கழண்டுடுச்சா?” டாக்டரா பயந்துவிட்டார்.

“இல்ல டாக்டரா. மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துட்டேன்.”

“எதுக்கு?”

“தரைக்கு.”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கடைப் பக்கம் காட்டினார். “தரைய நானா அடிச்சேன்? அடிச்சவர் அங்க உக்காந்திருக்கார். அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க,” என்றார். டிராம் போய்விட்டது. கார் கிளம்பியது.

மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவத் அவன் கடை வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கிளாஸில் டீ இருந்தது.

“எங்க ஓடுனே?”

“சிகரெட் வாங்க.”

“நீதான் விட்டு ஆறு வருஷம் ஆச்சே.”

மற்ற நாற்காலியில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை நான் அவன் கடையிலேயே போட்டுவிட்டு வந்த என் வேலைச் சட்டை அவன் மடியில் இருந்தது. ஹனிய்யா முதுகு ஓட்டைக்கு நீலத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். அதை என்னிடம் நீட்டினான்.

“ஒரே ஒட்டு,” என்றான். “பாத்துக்க. பத்தொம்பது இல்ல.”

நான் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தையல் நெருக்கமாக, ஒரே சீராக ஓடியிருந்தது. டீயை ஒரு மடக்குக் குடித்தேன். 

“மாஷா அல்லாஹ்,” என்றேன். “தையலச் சொல்றேன்.”

அவத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது செவிட்டுக் காது சல்லாம்,” என்றான். “இந்தப் பக்கம் வந்து சொல்லு.”

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மறுபடி சொன்னேன். அந்தத் தடவை தையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.